மிஷன் விமானப் பணிக்குப் போக ஆசைப்படும் நம் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு

மிஷனரி ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்து நிற்கும். "அங்கிள், மிஷன் விமானம் ஓட்டணும்னா என்ன படிக்கணும்?" வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, பீர்மேடு, மூணாறு என்று எந்தச் சபைக்குப் பேசப் போனாலும் இந்தக் கேள்வி வரும். கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரியும். அதனால் முழுப் பதிலையும் எழுதி வைக்கிறேன்.

நான் விமானி இல்லை, விமானத்தைப் பராமரிக்கிறவன். அப்பா தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். நான் வளைகுடாவில் ஒரு ஹேங்கரில், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில், வேலை பார்த்தேன். பிறகு பாப்புவா நியூ கினியா மலைகளில் மிஷன் விமானங்களைக் கவனித்தேன். இப்போது ஊரில் இருக்கிறேன். என் பதில் ஒரு மெக்கானிக்கின் பதிலாகத்தான் இருக்கும்.

முதலில் அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாப்புவா நியூ கினியாவில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலையே கிடையாது. மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப், சுருக்கமாக எம்.ஏ.எஃப்., என்ற கிறிஸ்தவ விமான ஊழிய அமைப்பு அங்கே தளம் வைத்திருக்கும் மவுண்ட் ஹேகன் ஏறத்தாழ நம் மூணாறு உயரத்தில் இருக்கும் ஊர். அதைச் சுற்றிய கிராமங்களில் பலவற்றுக்கு நடந்து போனால் நாள்கணக்கில் ஆகும். சின்ன விமானத்தில் அரை மணி நேரம். போகும்போது தடுப்பூசி, பள்ளிப் புத்தகம், கூரைத் தகடு, உப்பு, சோப்பு, வேதாகமம் எல்லாம் போகும். வரும்போது காப்பிக்கொட்டை மூட்டை, பேறுகாலச் சிக்கலில் இருக்கும் தாய், காலொடிந்த பிள்ளை, சம்பளம் வாங்க வரும் வாத்தியார். ஓடுபாதையை அந்த ஊர் மக்களே மண்வெட்டியால் வெட்டி உண்டாக்குகிறார்கள், புல்லையும் அவர்களே வெட்டிப் பராமரிக்கிறார்கள். அவர்கள் கேட்டுத்தான் விமானம் போகிறது. இதை நம் சபைகளில் அழுத்திச் சொல்கிறேன். கூப்பிடாத இடத்தில் போய் இறங்குவதை நான் ஊழியம் என்று எண்ணுவதில்லை.

நம் மலைக்கும் அப்படி ஒரு விமானம் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் பழங்குடி ஊரான இடமலைக்குடியிலிருந்து நோயாளியைத் தோளில் தூக்கி வரும் செய்தியைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அங்கே வேண்டியது மழையைத் தாங்கும் ஜீப் பாதையும், எந்நேரமும் ஆளிருக்கும் ஒரு சுகாதார நிலையமும்தான். பஞ்சாயத்திடமும் அரசிடமும் அவற்றைக் கேளுங்கள். சாலை போட முடிகிற இடத்துக்கு விமானம் சரியான பதில் இல்லை.

இனி படிப்பு. பிள்ளைகள் எல்லோரும் விமானி ஆவதைப் பற்றியே கேட்கிறார்கள். நான் மெக்கானிக் வழியை முன்னால் வைக்கிறேன். காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. எம்.ஏ.எஃப். 1945இல் தொடங்கியது, போரில் விமானம் ஓட்டியவர்கள் சேர்ந்து ஏற்படுத்திய அமைப்பு. அதன் முதல் விமானி பெட்டி கிரீன் என்ற பெண். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் ராணுவ விமானங்களை ஓட்டியவர். 1946இல் மெக்சிகோவில் ஒரு வாக்கோ விமானத்தில் முதல் மிஷன் பயணத்தை அவர்தான் நடத்தினார். (பெண்பிள்ளைகளை நம் வீடுகளில் "உனக்கெதுக்கு இது" என்று தடுக்கும்போது இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.) அதே ஆண்டு அந்த விமானம் விபத்தில் சேதமானது. அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்டவர் நேட் செயின்ட். 1956 ஜனவரி 8ஆம் தேதி ஈக்வடார் காட்டில் இன்னும் நான்கு பேருடன் கொல்லப்பட்ட இரத்தசாட்சி என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் அவரை நமக்குத் தெரியும். மிஷனுக்கு அவர் செய்த முதல் வேலை உடைந்த விமானத்தை மறுபடி பறக்க வைத்தது. வட்டமடிக்கும் விமானத்திலிருந்து நீளக் கயிற்றில் வாளியை இறக்கி, அது தரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்படி செய்த முறையும் அவருடையது. பிரிட்டனில் இந்தப் பணிக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் கிங் விமானப்படையில் பொறியியல் அதிகாரியாக இருந்தவர். 1948இல் ஜாக் ஹெம்மிங்ஸ் என்ற விமானியோடு மத்திய ஆப்பிரிக்காவில் எங்கெங்கே விமானம் தேவை என்று பார்க்கப் போனவர் அவர். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஆரம்பம் முதலே இந்த ஊழியத்தின் நடுவில் இருக்கிறார்கள். இன்றும் ஹேங்கரில் ஆள் இல்லையென்றால் விமானி இருந்தும் விமானம் தரையில்தான் நிற்கும்.

இன்னொரு காரணம் பணம். இந்தியாவில் சி.பி.எல். என்னும் வணிக விமானி உரிமம் வாங்கக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தச் செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடும். கொழுந்து கிள்ளும் அம்மாவின் கூலியில் அந்தக் கடனை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கடனோடு மிஷன் வேலைக்குப் போகவும் முடியாது, மிஷன் தரும் படியில் அந்தத் தவணையைக் கட்ட வழியில்லை. ஏ.எம்.இ. என்னும் விமானப் பராமரிப்புப் படிப்பு அதில் ஒரு சிறு பங்குச் செலவில் முடியும். முடித்த பின் விமான நிறுவனங்களில் நல்ல சம்பளத்துக்கு வேலையும் இருக்கிறது. அழைப்பு உறுதிப்படும்வரை குடும்பத்தைத் தாங்க அது உதவும்.

எந்த வழியானாலும் ப்ளஸ் டூவில் பிசிக்ஸும் மேத்ஸும் வேண்டும், ஏ.எம்.இ. வழிக்குக் கெமிஸ்ட்ரியும் வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, ப்ளஸ் ஒன்னில் ஆங்கிலத்துக்குப் பயந்து சயன்ஸை விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கதவு அடைபடுகிறது. பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே ஆங்கிலத்தில் பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் பொருள் எழுதிப் படியுங்கள். நானும் அப்படித்தான் கரையேறினேன். ப்ளஸ் டூவை வேறு பிரிவில் முடித்துவிட்டவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிசிக்ஸும் மேத்ஸும் எழுதி விமானி வழிக்குத் தகுதி பெறலாம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஏ.எம்.இ. வழி உண்டு.

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேருங்கள். வண்டிப்பெரியாறுக்கு மேலே சத்திரத்தில் 650 மீட்டர் ஓடுபாதை போட்டிருப்பது என்.சி.சி. பிள்ளைகளுக்காகத்தான். 2022 டிசம்பரில் வைரஸ் எஸ்.டபிள்யூ.80 என்ற இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் அங்கே முதன்முதலாக இறங்கியது. அதே வருஷ மழையில் அந்த ஓடுபாதையின் ஒரு ஓரம் சரிந்ததையும் பார்த்தோம். மலையில் ஓடுபாதை போடுவதைவிடத் தண்ணீர் வடிய வழி செய்து அதைக் காப்பாற்றுவது பெரிய வேலை என்று அங்கே போய்ப் பார்க்கும் பிள்ளைக்குப் புரியும்.

ஏ.எம்.இ. பள்ளி தேர்ந்தெடுக்கும்போது மிகக் கவனமாக இருங்கள். சுவரொட்டியில் விமானப் படம் போட்ட இடமெல்லாம் அங்கீகாரம் பெற்ற இடம் அல்ல. பணம் கட்டுவதற்கு முன் நம் நாட்டு விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் இணையதளத்தில், சி.ஏ.ஆர்.147 என்னும் பராமரிப்புப் பயிற்சி விதிப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நீங்களே பாருங்கள். பெயர் இருந்தால் போதாது, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பி1.1 டர்பைன் விமானம், பி1.2 பிஸ்டன் விமானம், பி2 மின்சாரமும் ரேடியோ கருவிகளும். மிஷன் வேலைக்கு எது என்று கேட்டால், நான் பி1.1 என்பேன். பழைய செஸ்னா 206 போன்ற பிஸ்டன் விமானங்களுக்கு வேண்டிய ஆவ்காஸ் எரிபொருள் தூரத்து நாடுகளில் கிடைப்பது அரிது, விலையும் கூடுதல். அதனால் மிஷன்கள் செஸ்னா காரவன், கோடியாக் என்று டர்பைன் விமானங்களுக்கு மாறி வருகின்றன. இரண்டிலும் இருப்பது பிராட் அண்ட் விட்னியின் பி.டி.6 இன்ஜின், ஓடுவது ஜெட் எரிபொருளில். படிப்பு முடிந்த அன்றே உரிமம் கைக்கு வராது. டி.ஜி.சி.ஏ.யின் மாட்யூல் என்னும் பாடவாரித் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும், பறக்கும் நிலையிலுள்ள விமானங்களில் வேலை செய்த அனுபவத்தையும் பதிவேட்டில் காட்ட வேண்டும். பொறுமை வேண்டிய காலம் அது. பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விட்டிருக்கிறார்கள்.

விமானிதான் ஆவேன் என்று உறுதியாக நிற்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு முன்னெச்சரிக்கை. ஃபீஸ் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம்தான் செய்ய வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அதன் பிறகு நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல், ரேடியோவுக்கான ஆர்.டி.ஆர். என்று தேர்வுகள். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி பெயரில் அரசின் விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

அடுத்தது கைப்பழக்கம். இதை எந்தப் பள்ளியும் முழுதாகக் கற்றுத் தராது, இன்றே தொடங்கலாம். வண்டிப்பெரியாற்றில் ஜீப் வர்க்ஷாப்புக்கா பஞ்சம்? விடுமுறையில் ஒன்றில் போய் நில்லுங்கள். அங்கே மூன்று பழக்கங்களை உண்டாக்கிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் டூல்ஸை எண்ணுவது. ஹேங்கரில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் வெளியே போகாது. கன்ட்ரோல் கேபிளுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு சின்ன ஸ்பேனர் போதும், எல்லோரையும் கொல்ல. இரண்டாவது, செய்த வேலையைச் செய்த அன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. மூன்றாவது, பாதியில் நின்ற வேலையை "பாதியில் நிற்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வது. மிஷன் தளத்தில் உங்கள் வேலையைச் சரிபார்க்கப் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். நீங்கள் போட்ட கையெழுத்தை நம்பித்தான் விமானி ஏறுகிறார், அவரை நம்பி அந்தத் தாய் ஏறுகிறாள். எனக்கு இது ஜெபத்துக்குச் சமமான காரியம்.

போல்ட் தளர்ந்து கழலாதபடி லாக் வயர் கட்டிப் பழகுங்கள், வயர் எப்போதும் போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். எரிபொருள் சோதனையும் பழக வேண்டியது. காட்டுக்கும் மலைக்கும் உள்ளே இருக்கும் ஓடுபாதைகளுக்கு எரிபொருள் பெரும்பாலும் 200 லிட்டர் டிரம்மில் வரும், மழையில் கிடந்த டிரம்மில் தண்ணீர் இறங்கும். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். ஆவ்காஸ் 100எல்.எல். நீலமாக இருக்கும், ஜெட் எரிபொருளுக்கு நிறம் இல்லை அல்லது லேசான வைக்கோல் நிறம். பிஸ்டன் இன்ஜினில் ஜெட் எரிபொருளை ஊற்றினால் புறப்பட்ட சிறிது நேரத்தில் இன்ஜின் கெட்டுவிடும்.

எடைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மிஷன் விமானப் பணியின் உயிர் அதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எடை புதிதல்ல. மஸ்டரில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவுக்கு அம்மாமார் போராடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கண்ணோடு இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு செஸ்னா 206இல், எரிபொருள் போக, 350 கிலோதான் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதை ஓரத்தில் காத்திருப்பவர்கள்: பிரசவச் சிக்கலில் ஒரு தாய், 55 கிலோ. கணவர் 65. கூட வரும் நர்ஸ் 60. ஆசிரியர் ஒருவர் பையோடு 90. இரண்டு காப்பி மூட்டை, ஒவ்வொன்றும் 60. கூட்டினால் 390. நாற்பது கிலோ அதிகம்.

எரிபொருளைக் குறைக்கலாமே என்று தோன்றும். ஆவ்காஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 0.72 கிலோ, நாற்பது கிலோ குறைக்க 55 லிட்டருக்கு மேல் இறக்க வேண்டும். அது மேகம் மூடினால் வேறு ஓடுபாதைக்குத் திரும்ப வைத்திருக்கும் எரிபொருள், அதில் கை வைக்கக் கூடாது. அப்படியானால் ஒரு மூட்டை இறங்க வேண்டும். 330 ஆகிவிடும். ஆனால் அந்த மூட்டை ஒரு குடும்பத்தின் வருஷ வருமானமாக இருக்கலாம். அவர்கள் மூட்டையைச் சுமந்து நடந்து வந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து "இன்றைக்கு முடியாது, அடுத்த விமானத்தில் எடுக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும், மரியாதையாகச் சொல்ல வேண்டும், சொன்னபடி அடுத்த விமானத்தில் எடுக்கவும் வேண்டும். பாப்புவா நியூ கினியா போகிறவர்கள் அங்கே பொது மொழியான டோக் பிசின் கற்றே ஆக வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

அதோடு முடியவில்லை. மொத்த எடை சரியாக இருந்தாலும் பாரம் எல்லாம் வாலுக்குப் பக்கத்தில் இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், விமானம் கட்டுப்பாட்டில் நிற்காது. உயரமான இடத்தில், நடுப்பகல் சூட்டில் காற்று மெலிந்திருக்கும், புறப்பட அதிக தூரம் ஓட வேண்டும். ஈரப் புல் இன்னும் இழுத்துப் பிடிக்கும். காலையில் 350 கிலோ ஏற்றக்கூடிய அதே ஓடுபாதையில் மத்தியானம் அவ்வளவு ஏற்ற முடியாமல் போகலாம். மலை ஓடுபாதைகள் பலவற்றில் ஏற்றத்தில் இறங்கி, இறக்கத்தில் புறப்பட வேண்டும். இறங்க ஆரம்பித்துவிட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பிப் போக இடம் கிடையாது. அதனால்தான் மலைநாட்டில் மேகம் திரளும் முன், காலையிலேயே பெரும்பாலான வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். எண்களை மாற்றி, ஆட்களை மாற்றி, யாரை எப்போது ஏற்றுவீர்கள் என்று தம்பி தங்கச்சியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். 1951இல் பாப்புவா நியூ கினியாவில் பணி தொடங்கிய அதே ஆண்டு, முன்னோடி விமானி ஹாரி ஹார்ட்விக் மலைகளில் விபத்தில் இறந்தார். அன்றிலிருந்து விமானங்களும் வானிலைச் செய்தியும் வழிகாட்டும் கருவிகளும் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. பிள்ளை எந்த அமைப்புக்குப் போக நினைக்கிறதோ, அந்த அமைப்பிடம் பாதுகாப்பு விதிகளைக் கேளுங்கள். "வானிலை சரியில்லை என்று விமானி திரும்பி வந்தால் அவரை என்ன சொல்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். திரும்பி வந்தவரைப் பாராட்டும் இடத்துக்கு அனுப்புங்கள்.

சபைக்கும் வேலை இருக்கிறது. மிஷன் விமானப் பணியில் பெரும்பாலும் சம்பளம் என்று தருவதில்லை, அனுப்பும் சபைகளும் நண்பர்களும் தாங்க வேண்டும். இது நமக்குப் புதிதா? 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியரை அனுப்பித் தாங்கியவர்கள் திருநெல்வேலிச் சபையார். பிடி அரிசிக் காணிக்கை எடுத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் சபைக் கணக்கிலிருந்து வெளிநாட்டு அமைப்புக்கு நேராகப் பணம் அனுப்ப அவசரப்படாதீர்கள். அறக்கட்டளைப் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால் வரிவிலக்கில் சிக்கல் வரும், ஆடிட்டரைக் கேளுங்கள். என் யோசனை, சபை இங்கேயே தாங்கட்டும். ஊழியரின் அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு, படிப்புக் கடனின் மிச்சம், லயத்தை விட்டு வெளியேற நேர்ந்தால் ஒரு வாடகை வீடு. எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெற்றோரை நினைத்தே பல பிள்ளைகள் வெளியே போகத் தயங்குகிறார்கள். அந்தப் பாரத்தைச் சபை எடுத்தால் பிள்ளை நிம்மதியாகப் போகும்.

"மிஷன் விமானி பயிற்சிக்கு இடம் இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் அனுப்பாதீர்கள். அமைப்பின் சொந்த இணையதளத்திலுள்ள முகவரிக்கு நீங்களே எழுதுங்கள்.

எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஆங்கிலம் எளிதாக இருந்தால் போதும். எப்போது ஆண்டவரை அறிந்தீர்கள், எந்தச் சபை, போதகர் யார் என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில் படிப்பும் உரிமமும்: எந்தப் பிரிவு, எந்த மாட்யூல்கள் முடிந்தன, எவை மீதி. மூன்றாவதில் கையால் செய்த வேலை: எந்த இன்ஜின், எந்த ஆய்வு, யார் மேற்பார்வையில். கல்யாணமாகியிருந்தால் கணவன் மனைவி இருவரும் எழுதுங்கள், இருவரையும்தான் அவர்கள் நேர்காணல் செய்வார்கள். பதிவேட்டின் சில பக்கங்களை ஸ்கேன் செய்து இணையுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் மீதி மாட்யூல்களை எழுதி முடித்துவிடுங்கள்.